மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அந்தக் கூடத்தில் ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருந்தன. வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால் லாரிக்காரர் வந்து சொல்ல வேண்டும். அவர் மருத்துவமனைகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். வெளுத்து, தேய்த்து, மடித்தவற்றை ஏற்றிக்கொண்டு போவார். நோயாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். விரிப்புகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. ஓரத்தில் பழுப்பாகக் கறை படிந்த ஒன்றைப் பெரியவளுக்கு அடையாளம் தெரியும். எங்கெங்கோ, யார் யார் உடம்புக்கு அடியிலோ கிடந்துவிட்டு அது அவளிடமே வந்து சேரும். வந்துட்டியா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வாள்.

பெரியவள் என்பது வீட்டில் வைத்த பெயர். மூத்த மருமகள். கூடத்துக்குப் பொறுப்பு அவள்தான் என்பதால் இங்கே எல்லோருக்கும் அக்கா. அவள் கணவனின் தம்பி மனைவி சின்னவள். அவளும் இதே கூடத்தில் வேலை பார்த்தாள், அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். தம்பியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் காத்திருந்தார்கள்.

சின்னவள் டீச்சரோடு ஜோடி சேர்ந்து மடிப்பாள். டீச்சர் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். நல்ல உயரம். புருஷன் இல்லை. மகளோடு, ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தாள். மகள் இந்த ஊர்ப் பள்ளியில் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பேச்சும் கனவும் இந்த ஊர் மொழியிலேயே வருகின்றன என்று டீச்சர் ஒருமுறை சொன்னாள், பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். தேய்க்கும் உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். நெருங்க நெருங்க நடுவில் துணி தொய்யும். அது தரையைத் தொடாமலிருக்க இரண்டு பேரும் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும். தரையைத் தொட்டால் அவ்வளவுதான், அந்த விரிப்பு மறுபடி வெளுக்கப் போகும். தள்ளுவண்டிகள் போவதற்காகத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அது சரியாக இரண்டு பேருக்கும் நடுவில் ஓடியது. மற்ற ஜோடிகள் அந்தக் கோட்டில் சந்தித்தார்கள்.

டீச்சரும் சின்னவளும் கோட்டில் சந்திப்பதில்லை. வந்த புதிதில் ஈர மூட்டையை இழுத்ததில் சின்னவளின் வலது தோள் போய்விட்டது. கை தோளுக்கு மேலே எழும்பாது. வைத்தியரிடம் காட்டினால் எழுதி வைத்துவிடுவார்கள். எழுதி வைத்தால் உடம்பு சரியில்லாதவளுக்கு இந்த நாட்டில் இடமில்லை. அதனால் காட்டவில்லை. பெரியவள்தான் அவளை மூட்டை தூக்கும் இடத்திலிருந்து மடிப்பு வேலைக்கு மாற்றி டீச்சரோடு சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அவள் நின்று பார்த்ததில்லை. எண்ணிக்கை குறையவில்லை, அது போதுமாக இருந்தது.

சமாளித்தது டீச்சர். சின்னவள் இடுப்புயரத்தில் முனைகளைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நிற்பாள். டீச்சர் தன் நீளக் கைகளை உயர்த்திக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வரைக்கும் வந்து, தொய்யும் துணியை முழங்கையில் ஏந்தி, சின்னவள் கையிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டு திரும்புவாள். ஒவ்வொரு விரிப்புக்கும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பழைய நடனம் போல இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் அரசாங்கம் புதிதாக ஒன்று சொன்னது. இது மாதிரியான வேலையிடம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். கைவேலை தெரிந்தவராக, உடம்பு நன்றாக இருப்பவராக, வயது தாண்டாதவராக இருக்க வேண்டும். அப்படித் தேர்வானவர் தன் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தவணை முடிந்ததும் கிளம்ப வேண்டும். ஓர் அதிகாரி வந்து வேலையைப் பார்த்து மார்க் போடுவார், பொறுப்பாளரையும் ஒரு வார்த்தை கேட்பார். மேனேஜர் தன் கண்ணாடி அறையில் பெரியவளை நிற்க வைத்து இதைச் சொன்னார். கூடத்தில் மற்றவர்கள் ஒன்று ஏற்கெனவே நிரந்தரமானவர்கள், அல்லது வயது தாண்டியவர்கள். மிஞ்சியது இரண்டு பேர்.

"உங்களுக்கு யார் என்று தெரியுமே" என்றார் மேனேஜர்.

"தெரியும்" என்றாள் பெரியவள்.

அவள் வந்த காலத்தில் யாரும் எதையும் மடிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. கணவன் வந்தான், அவனுக்குப் பின்னால் அவள் வந்தாள். கதவு எவ்வளவு அகலம் என்று அப்போது திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் லாரிக்காரர் விஷயத்தோடு வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு அறை என்பது சோப்புத்தூள் டப்பாக்கள் அடுக்கிய ஒரு மூலை. நீளமான ஒரு மேஜை, ஆடும் பெஞ்சு.

"என்ன, பொண்ணு பாக்க வர்றாங்களாமே?" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டுதான்" என்றாள் சின்னவள்.

"நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்? நடக்கச் சொல்லிப் பாப்பாங்க. பேசச் சொல்லிப் பாப்பாங்க. பல்லு வரிசையா இருக்கான்னு பாப்பாங்க. அப்புறம் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்னு எந்திரிச்சுப் போயிருவாங்க."

"பாடச் சொன்னா என்ன பண்றது?" என்றாள் டீச்சர்.

"வாய்ப்பாடு சொல்லுங்க டீச்சர். அதைவிடவா பாட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் டப்பாவை மூடி வைத்தாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"மொதல்ல நான் மனு போட்டப்போ படிச்சவங்கதான் வேணும்னாங்க" என்றாள். "சரி, படிச்சிருக்கேன்னேன். அந்தப் படிப்பு இல்ல, வேற படிப்புன்னாங்க. இப்பக் கைவேலை தெரிஞ்சவங்க வேணுமாம். அடுத்த வருஷம் உயரமானவங்கதான் வேணும்பாங்க. அதுக்குள்ள எனக்குக் கூன் விழுந்திரும்."

"தப்புன்னு சொல்ல முடியுமா டீச்சர்? அவங்க வீடு. யாரை உள்ள விடணும்னு அவங்கதானே முடிவு பண்ணணும்? கடைக்குப் போனா நீங்க தக்காளியைத் தொட்டுப் பாக்காமயா எடுக்கறீங்க?" என்றார் லாரிக்காரர்.

"பாத்துதான் எடுப்பேன். ஆனா தக்காளிக்குப் பரீட்சை எழுதற மக இல்லையே."

லாரிக்காரர் ஒரு வாய் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்றார். "ஆனா எல்லாரையும் எடுக்க முடியாதுன்னா என்னதான் பண்றது? யாரையாவது கழிச்சுத்தானே ஆகணும்?"

"சீட்டுக் குலுக்கிப் போடட்டும்" என்றாள் சின்னவள். "வரலேன்னா சாமியைத் திட்டிட்டுப் போயிரலாம். இப்ப யாரைத் திட்டறது?"

"ஏன், அரசாங்கம்தான் இங்கயே உக்காந்து சோறு தின்னுதே" என்று லாரிக்காரர் பெரியவளைக் காட்டினார். "ஒரு வார்த்தை கேப்பாங்களாமே அக்காகிட்ட?"

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரசாங்கம் வருது, டீயை மறைங்க. அரசாங்கம் இன்னைக்கு மூட் அவுட். பெரியவள் தன் டீயை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

வீட்டில் அவள் கணவன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னான்: "நான் எதுவும் சொல்லல. நீயா பாத்துக்க."

அவன் எதுவும் சொல்லவில்லை என்றால் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான் என்று அர்த்தம். பிறகு அவனே ஊருக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

"அண்ணி" என்றான் கொழுந்தன். "உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கோம்."

"மலைக்கு மூட்டு வலிப்பா" என்றாள் பெரியவள். அவன் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. யாரோ போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. சின்னவளின் இளைய மகள்.

"பெரியம்மா, அங்க எனக்குக் கட்டில் இருக்கா?"

"பாக்கலாம்டா கண்ணு."

"அக்கா கூடப் படுக்கச் சொல்லாதீங்க. அவ உதைப்பா."

சமையலறையில் சின்னவள் இடது கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. மகளின் குரல் அவளுக்கும் கேட்டிருக்கும். குழாயைச் சற்று வேகமாகத் திறந்துவிட்டாள்.

"தோள் எப்படி இருக்கு?" என்றாள் பெரியவள்.

"இருக்கு."

"அவங்க முன்னால கையைத் தூக்கணுமே."

"தூக்குவேன். ஒரு நாள் தூக்கினா செத்தா போயிருவேன்?" ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டு. "டீச்சரை நெனைச்சாத்தான் ஒண்ணும் ஓடலக்கா. எனக்குக் கெடைச்சா அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது? கெடைக்கலேன்னா எம்புள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

பெரியவள் கையை நீட்டினாள். தட்டை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அந்த வீட்டில் மேல்தட்டு எப்போதும் அவள் வேலைதான்.

அதிகாரி வந்த அன்று மழை என்று லாரிக்காரர் வந்து சொன்னார். சொல்லாவிட்டாலும் அதிகாரியின் காலணிகளைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பருத்த மனிதர், நடுவயது, மூக்கு சிவந்திருந்தது. துணித்தூசியில் தும்மிக்கொண்டே இருந்தார். உட்கார இடம் கேட்டார். நாற்காலி எல்லாம் மேனேஜர் அறையில் இருந்ததால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அவர் அதில் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

"காலையில் மீன் வெட்டுகிற இடம்" என்றார் அந்த ஊர் மொழியில். "அங்கே குளிர். இங்கே வெக்கை. நாளைக்குக் கோழிப் பண்ணை." யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. அவரைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்த பெரியவளுக்கு ஒரு கோப்பை டீ கொடுக்க வேண்டும் போல இருந்தது.

டீச்சரும் சின்னவளும் கைகழுவி, தலைத்துணி கட்டிக்கொண்டு தங்கள் இடத்தில் போய் நின்றார்கள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"இல்லை, இல்லை" என்றார் அதிகாரி. "ஒவ்வொருவராக."

"அவங்க ரெண்டு பேரும் ஜோடி சார்" என்றாள் பெரியவள். வருஷக்கணக்கில் பேசியும் அந்த மொழி அவள் வாயில் இரவல் செருப்பு போலத்தான் இருந்தது. "சேர்த்துப் பார்த்தால்தான் வேலை தெரியும்."

"சேர்த்துப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு மார்க் என்று எப்படிப் போடுவது?" அவர் உண்மையாகவே கேட்டார். யாராவது வழி சொன்னால் கேட்டுக்கொள்வார் போல இருந்தது. பிறகு பெரியவள் பக்கம் திரும்பினார். "நீங்கள் எதிர்முனையைப் பிடியுங்கள். இரண்டு பேருக்கும் எதிரே ஒரே ஆள். அதுதானே நியாயம்?"

அப்படித்தான் பெரியவள் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், சின்னவள் நிற்கும் இடத்தில் நின்றாள்.

முதலில் டீச்சர். உருளையிலிருந்து விரிப்பு வந்தது. பிடித்தார்கள், நீளவாக்கில் மடித்தார்கள், இழுத்து ஓர் உதறு உதறினார்கள். டீச்சரின் பிடி சுத்தமாக இருந்தது, ஓரங்கள் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. பெரியவள் கைகளை உயர்த்திக்கொண்டு நடுவை நோக்கி நடந்தாள். எல்லோரும் நடப்பது போல நடந்தாள். எதிரே டீச்சர் வந்துகொண்டிருந்தாள். அவள் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, அவளுக்குப் பழகிப்போன அந்த நீள அடிகளோடு நேராக வந்து பெரியவள் மேல் மோதினாள். முனைகள் நழுவின. விரிப்பு தரையில் விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க" என்றாள் டீச்சர்.

விழுந்ததைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தார்கள். இந்த முறை பெரியவள் மெதுவாக வந்தாள். ஆனாலும் டீச்சரின் கால்கள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டியபின்தான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று பின்வாங்கினாள். துணி நடுவில் தொய்ந்து தரையைத் துடைத்தது.

மூன்றாவதில் டீச்சர் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கோட்டருகில் வந்து, ஓடையைத் தாண்டத் தயங்குகிறவள் போல நின்றாள். விரிப்பு விழவில்லை. ஆனால் நேரம் பிடித்தது. அடுத்ததும் அப்படியே. இத்தனை காலமாக அந்தக் கூடத்திலேயே வேகமாக மடித்தவள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் போலத் தடுமாறினாள். நெற்றியில் வியர்வை. அதிகாரி தும்மிவிட்டு ஏதோ எழுதினார்.

"போதும், நன்றி. அடுத்தவர்."

சின்னவள் வந்தாள். பெரியவளைப் பார்த்தாள், உடனே பார்வையை விரிப்பின் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போது டீச்சர் நிற்கும் பக்கத்துக்குப் பெரியவள் மாற வேண்டியிருந்தது. இடம் மாறினார்கள். மடித்தார்கள், உதறினார்கள்.

இனி நடக்க வேண்டும். பெரியவள் கோடு வரைக்கும் போய் நின்றால், மீதியைச் சின்னவள் நடக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும். தூக்குவேன் என்று சொல்லியிருக்கிறாள். தூக்கினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதிகாரிக்குத் தும்மல் வந்தாலும் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

யோசித்து முடிவெடுத்தாள் என்று சொல்ல முடியாது. கோடு வந்தது, கால் தாண்டியது. கைகளை உயர்த்திக்கொண்டு, தொய்யும் துணியை முழங்கையில் ஏந்திக்கொண்டு அந்தப் பக்கம் வரைக்கும் போய்ச் சின்னவளின் கையிலிருந்து முனைகளை வாங்கினாள். அவ்வளவு அருகில் போனபோதுதான் தெரிந்தது. முனைகளை விடும் அந்த நொடியில் சின்னவளின் கண்கள் இறுக மூடித் திறந்தன. இடுப்புயரத்தில் பிடித்திருப்பதற்கே அந்த வலி. இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே குழாயடியில் நின்றவளுக்கு இது தெரியவில்லை. டீச்சர் இதை ஒவ்வொரு விரிப்புக்கும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து, மறுபடி வந்திருக்கிறாள்.

அடுத்த விரிப்பு. அதற்கடுத்தது. ஒன்றுகூட விழவில்லை.

அதிகாரி தொட்டியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். "இரண்டாமவர் அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்கிறார்" என்றார். "ஓர் அசைவுகூட வீணில்லை. முதலாமவர் நல்லவர்தான், ஆனால் கொஞ்சம் பதற்றம். தூரம் கணிக்கத் தெரியவில்லை." பேனாவை மூடாமல் பெரியவளைப் பார்த்தார். "நீங்கள் பொறுப்பாளர். உங்களுக்கு வேறு அபிப்பிராயம் உண்டா?"

தள்ளுவண்டி அருகில் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். விழுந்த விரிப்புகள் கிடந்த தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி பெரியவளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டுப் பிள்ளை என்ன விடை சொல்கிறது என்று பார்க்கும் பார்வை.

"முதலில் செய்தவங்க..." என்று ஆரம்பித்தாள் பெரியவள். டீச்சர் ஏன் தடுமாறினாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஏன் கோட்டைத் தாண்டிப் பழகினாள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் தோள் வரும். "அவங்களும் ரொம்ப நல்லா செய்வாங்க சார். ரெண்டு பேருமே."

"இரண்டு பேருமே என்று எழுத இதில் இடமில்லை" என்றார் அதிகாரி. "காலையில் மீன் வெட்டுகிற இடத்திலும் இதையேதான் சொன்னார்கள்." இன்னும் ஒரு நிமிஷம் காத்திருந்தார். அது அவர் காட்டிய கருணையாக இருக்கலாம், அல்லது தும்மல் வருமா என்று பார்த்திருக்கலாம். பிறகு பேனாவை மூடினார்.

அவர் போன பிறகு சின்னவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டீச்சர் தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினாள்.

"நல்லா நடந்தீங்க அக்கா" என்றாள்.

பெரியவள் ஒரு தொட்டியைத் தள்ளினாள். அதை எங்கே தள்ளுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு? தோளைச் சொன்னா அவ போகணும். அப்புறம் நீங்க அவளுக்காகப் பொய் நடை நடந்தீங்கன்னு ஆயிரும். இந்தக் கூடத்துக்கே ஆள் வேணாம்னுட்டுப் போயிருவாரு. கணக்கு டீச்சர்கிட்டயே கணக்கு சொல்லாதீங்க."

"டீச்சர்..."

"அதுக்காக எனக்குக் கோவம் இல்லேன்னு நெனைச்சுக்காதீங்க. இருக்கு. நிறையவே இருக்கு. அதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல." டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். "அந்தாளு மேல கோவப்படலாம்னா அவரே மூக்கொழுகிட்டு நிக்கறாரு. உங்க மேல கோவப்பட்டா நாளைக்கு உங்ககூடத்தான் வேலை பாக்கணும். அவ மேல..." கழிப்பறைக் கதவைப் பார்த்தாள். "நான் அவளுக்கு நடந்து கொடுத்தது நல்ல மனசுனால இல்லக்கா. நடந்தா எண்ணிக்கை குறையாது, குறையலேன்னா ரெண்டு பேரும் இருக்கலாம்னு நெனைச்சேன். ரெண்டு பேரும் இருக்கலாம்னு."

அதைச் சொல்லிவிட்டு அவள் எழுந்துகொண்டாள். உருளை சுடச்சுட விரிப்புகளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மருத்துவமனைகளில் ஆட்கள் படுக்கைக்காகக் காத்திருந்தார்கள். சின்னவள் முகம் கழுவிக்கொண்டு வந்து தன் இடத்தில் நின்றாள். மடித்தார்கள், உதறினார்கள். டீச்சர் கைகளை உயர்த்திக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய், சின்னவள் கையிலிருந்து முனைகளை வாங்கிக்கொண்டாள். அன்று மாலை வரைக்கும் ஒன்றுகூட விழவில்லை.

டீச்சர் கிளம்பும்வரை எல்லாம் அப்படியேதான் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் லாரிக்காரர் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் மட்டும் பேசினார். அரசாங்கம் என்று யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெயர் எப்போது நின்றது என்றுகூடத் தெரியவில்லை. டீச்சரின் மகளுக்குப் பரீட்சை முடியும்வரை தவணை கேட்டு மேனேஜர் எழுதிப்போட்டார். நல்ல மனிதர். முடியாது என்று பதில் வந்தது, மரியாதையான பதில். கடைசி நாளன்று அந்தப் பெண் அம்மாவைக் கூட்டிப்போகக் கூடத்துக்கு வந்தாள். அம்மாவின் உயரம். காதில் ஏதோ பாட்டு, முகத்தில் எதுவும் இல்லை. பெரியவள் அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கையில், "உங்களைப் பற்றி அம்மா நிறையச் சொல்லியிருக்கிறார்" என்றாள் அவள் அந்த ஊர் மொழியில். என்ன சொன்னாள் என்று பெரியவள் கேட்கவில்லை.

டீச்சர் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். பிறகு வந்து பெரியவளிடம், "அவ தோளுக்கு ஒத்தடம் கொடுங்க" என்றாள். "வேலை முடிஞ்ச உடனே வேணாம். உடம்பு ஆறட்டும், அப்புறம்." அவ்வளவுதான். வாசலில் லாரிக்காரர் காத்திருந்தார். பெட்டிகளைத் தான் கொண்டுபோய் விடுவதாக அவரே சொல்லியிருந்தார். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

குளிர் குறையத் தொடங்கியபோது சின்னவளுக்கு நிரந்தரப் பத்திரம் வந்தது. பெரியவளின் கணவன் ஊருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் அழுதார்கள், சிரித்தார்கள். இளையவள் மறுபடி கட்டிலைப் பற்றிக் கேட்டாள். இருக்கு, சாமி, இருக்கு என்றாள் பெரியவள். சின்னவள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவன், "ஏன் ரெண்டு பேரும் எழவு விழுந்த மாதிரி இருக்கீங்க?" என்றான். "தூக்கம் வருது" என்றாள் பெரியவள். பொய் இல்லை.

டீச்சர் இடத்துக்குப் புதிதாக யாரையும் அனுப்பவில்லை. இனிமேல் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள்தான் வேண்டுமாம், அரசாங்கம் மறுபடி மாற்றிவிட்டதாம் என்று லாரிக்காரர் செய்தி கொண்டுவந்தார். சின்னவளின் எதிர்முனையைப் பெரியவளே பிடித்தாள். வேறு யாரைப் போட்டாலும் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் நாள் மாலைக்குள் அவளுக்குப் பாதம் எரிந்தது. டீச்சரைவிட அவளுக்கு வயதும் அதிகம், காலும் குட்டை. கோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் எட்டிப்பிடிக்கும் தூரம். போய்ப் போய் வந்தால்தான் தெரிந்தது அது எவ்வளவு தூரம் என்று. வீட்டில் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சின்னவளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். உடம்பு ஆறிய பிறகு, டீச்சர் சொன்ன மாதிரி.

ஒரு நாள் மதியம், பழுப்புக் கறை விரிப்பு வந்தது. நீளவாக்கில் மடித்தார்கள். பெரியவள் ஒரு விநாடி தாமதித்தாள். கால் வலிதான், வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் சின்னவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். இன்னோர் அடி. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை உயர்த்தப் பார்த்தாள். துணி நடுவில் தாழ்ந்து தரையை நெருங்கியது.

"நில்லு" என்றாள் பெரியவள். "நான் வர்றேன்."

மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்தாள்.